காக்கிச் சட்டையும் பதினான்கு வயதும்: பள்ளி என்.சி.சி.யால் என்ன பயன்?

பள்ளி திறந்த சில வாரங்களில் எட்டாம் வகுப்பில் அறிவிப்பு வரும்: என்.சி.சி. எனப்படும் தேசிய மாணவர் படையில் சேர விருப்பம் உள்ளவர்கள் மைதானத்துக்கு வரலாம். அன்று மாலை வீட்டில் பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தான் கேட்பார்கள். "இதுல சேர்ந்தா மார்க் கிடைக்குமா?" என்பது ஒன்று. "படிப்பு கெட்டுப்போகாதா?" என்பது இன்னொன்று. இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் ராணுவப் பாணியிலான ஒரு பயிற்சி, வளரும் வயதில் இருக்கும் பிள்ளைக்கு உண்மையில் என்ன செய்கிறது என்று யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. நம் ஊரில் 70 ஆண்டுகளுக்கு மேலாக நடக்கும் ஒன்றைப் பற்றி, "ஒழுக்கம் வரும்" என்ற ஒற்றை வரியைத் தாண்டி நாம் யோசித்ததும் குறைவு.

முதலில் இது எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். முதல் உலகப் போரின்போது, 1917இல், இந்தியப் பல்கலைக்கழகங்களில் மாணவர் படை ஒன்றை ஆங்கிலேய அரசு தொடங்கியது. பின்னர் அது இரண்டு முறை பெயரும் உருவமும் மாறியது. சுதந்திரத்துக்குச் சற்று முன், 1946இல், எச்.என். குன்ஸ்ரு தலைமையில் அமைந்த குழு, பள்ளி, கல்லூரி இரண்டையும் சேர்த்து நாடு முழுவதற்கும் ஒரே மாணவர் படை வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1948இல் சட்டம் நிறைவேறி, அந்த ஜூலையில் தேசிய மாணவர் படை பிறந்தது. அதன் முதல் இயக்குநர் கர்னல் ஜி.ஜி. பேவூர், பின்னாளில் ராணுவத் தலைமைத் தளபதி ஆனவர். அடுத்த ஆண்டே மாணவியர் பிரிவு வந்தது. 1950இல் விமானப் பிரிவும் 1952இல் கடற்படைப் பிரிவும் சேர்ந்தன. இந்தச் சட்டத்தில் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு: இதில் சேர்ந்த காரணத்துக்காக யாரும் போர்ப் பணிக்குக் கடமைப்பட்டவர் ஆகிவிட மாட்டார். "பையனைப் பட்டாளத்துக்குப் பிடிச்சுக்கிட்டுப் போயிடுவாங்களா?" என்று பயப்படும் பாட்டிகள் இன்றைக்கும் சில வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கான பதில் 1948லேயே எழுதப்பட்டுவிட்டது.

1965, 1971 போர்களின்போது என்.சி.சி. மாணவர்கள் இரண்டாம் வரிசைப் பாதுகாப்பாகக் கருதப்பட்டார்கள். வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் உதவினார்கள், எதிரி பாராசூட்டில் இறங்கினால் பிடிப்பதற்கான ரோந்துக் குழுக்களில் நின்றார்கள். அந்தப் போர்களுக்குப் பிறகு பாடத்திட்டத்தை மாற்றினார்கள். ராணுவப் பயிற்சியின் அளவு குறைந்து தலைமைப் பண்பு, சமூகப் பணி ஆகியவற்றுக்கு இடம் கூடியது. இன்று பள்ளிப் பிரிவில் டிரில், .22 ரைஃபிள், வரைபட வாசிப்பு ஆகியவற்றோடு முதலுதவி, சுகாதாரம், பேரிடர் மேலாண்மை எல்லாம் இருக்கின்றன. ஒரே சீருடைக்குள் இரண்டு நோக்கங்கள் குடியிருப்பதால்தான், இதைப் பற்றிப் பேசும் இருவர் வேறு வேறு விஷயத்தைப் பேசிக்கொண்டிருப்பது போலத் தோன்றும்.

சரி, பயன் எங்கே இருக்கிறது? கீழ்ப்படியக் கற்றுக்கொடுப்பதில் இல்லை என்பது என் எண்ணம். கீழ்ப்படிதலை நம் பள்ளிகள் ஏற்கெனவே தேவைக்கு அதிகமாகவே கற்றுக்கொடுக்கின்றன. கையைக் கட்டு, வாயைப் பொத்து, வரிசையில் நில் என்பதற்கு ராணுவம் வர வேண்டியதில்லை. நம் பள்ளிகளில் கிடைக்காதது இதன் மறுபக்கம்தான். பத்து, இருபது பேரின் பொறுப்பு ஒரு மாணவனிடம் வருவதும், அவன் செய்த தவறு அந்த நிமிடமே எல்லாருக்கும் தெரிவதும், பிறகு அவனே அதைச் சரிசெய்வதும் வகுப்பறையில் நடப்பதில்லை. வகுப்பு லீடர் என்றால் பேசியவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுபவர். அதைத் தலைமை என்று சொல்ல மனம் வரவில்லை.

டிரில்லில் ஆணை கொடுப்பதை எடுத்துக்கொள்வோம். வெளியிலிருந்து பார்த்தால் கத்துவது மட்டும்தான் தெரியும். நடந்துகொண்டிருக்கும் அணியை நிறுத்த "தம்" என்று சொல்ல வேண்டும். அதை எந்தக் கால் தரையில் படும்போது சொல்வது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு நொடி தவறினால் பாதிப் பேர் நிற்பார்கள், மீதிப் பேர் இன்னொரு அடி வைப்பார்கள், பின்னால் வருபவர் முன்னால் நிற்பவர் மீது இடிப்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அப்புறம் மறுபடியும் முதலிலிருந்து. தன் குரல் கடைசி வரிசை வரை போகிறதா, சொல்லுக்கும் செயலுக்கும் நடுவில் மற்றவர்களுக்கு எவ்வளவு நேரம் தேவை என்றெல்லாம் அந்தப் பிள்ளை அங்கே கற்றுக்கொள்வது புத்தகத்தில் படிக்கும் தலைமைப் பண்பைவிட ஆழமாக இறங்கும். கூச்சப்படும் மாணவிகளிடம் இந்த மாற்றம் வேகமாகத் தெரியும் என்று என்.சி.சி. பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்கள் சொல்வதுண்டு. வகுப்பில் கேள்வி கேட்டால் முனகுபவள், மைதானத்தில் ஐம்பது பேருக்குக் கேட்கும்படி "சாவ்தான்" (நேராக நில்) சொல்லியே ஆக வேண்டும். வேறு வழியில்லை.

சாவ்தான் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1968 ஜனவரியில், அண்ணா முதல்வராக இருந்தபோது, சென்னை மாநிலச் சட்டமன்றம் மொழிக் கொள்கை பற்றி நிறைவேற்றிய தீர்மானத்தில், என்.சி.சி.யில் இந்தி ஆணைச்சொற்கள் கூடாது என்பதும் ஒரு பகுதியாக இருந்தது. இன்று நம் மைதானங்களில் கேட்பது சாவ்தானும், தளர்ந்து நிற்கச் சொல்லும் விஷ்ராமும்தான். அந்த இரண்டு சொல்லுக்கு மேல் இந்தி தெரியாமல் பள்ளிப் பிரிவின் 'ஏ' சான்றிதழ் வாங்கியவர்கள் நம்மிடையே நிறையவே இருக்கிறார்கள்.

பரேடை விட முகாமுக்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். ஆண்டுப் பயிற்சி முகாம் சுமார் பத்து நாள். பல பள்ளி, கல்லூரிகளிலிருந்து சில நூறு பேர் ஒரே இடத்தில் தங்குவார்கள். விடியும் முன் எழுந்து உடற்பயிற்சி, பிறகு டிரில், வகுப்பு, துப்பாக்கி சுடும் பயிற்சி, மாலையில் விளையாட்டு, இரவில் கலை நிகழ்ச்சி. தட்டும் மக்கும் ஏந்தி வரிசையில் நின்று சாப்பாடு வாங்க வேண்டும், அவற்றைத் தானே கழுவ வேண்டும். தன் துணியைத் தானே துவைத்து, பெல்ட் பக்கிளுக்கு பிராஸோ போட்டுத் தேய்த்து, ஷூவுக்கு பாலிஷ் ஏற்றி, படுக்கையை மடித்து வைக்க வேண்டும். அம்மா எல்லாம் செய்துகொடுத்த பையனுக்கு முதல் இரண்டு நாள் நரகமாகத்தான் இருக்கும். பக்கத்துப் படுக்கையில் இருப்பவன் எந்த ஊர், என்ன சாதி, அவன் அப்பா என்ன வேலை செய்கிறார் என்பதற்கெல்லாம் அங்கே நேரமிருக்காது. அவன் ஷூவைக் கட்டத் தாமதித்தால் நீயும் சேர்ந்து ஓட வேண்டும் என்பதுதான் உடனடிப் பிரச்சினை.

தமிழ்நாட்டுக்கு இது லேசான விஷயம் இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு, பள்ளிகளில் சாதிப் பகையை ஒழிக்க வழி சொல்லும்படி ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அதன் அறிக்கையில் கையில் கட்டும் சாதிக் கயிறு, நெற்றித் திலகம் பற்றிய பரிந்துரைகளைத்தான் தொலைக்காட்சிகள் நாள் கணக்கில் விவாதித்தன. அதே அறிக்கை 'சமூக நீதி மாணவர் படை' என்ற ஒன்றையும் கேட்டது. எல்லாச் சமூகத்து மாணவர்களும் சேரும் அந்தப் படைக்குத் தனிச் சீருடையும் அணிவகுப்பும் இருக்க வேண்டும் என்றது. சாதியை எதிர்ப்பதற்கான வழியைத் தேடிய குழுவும் சீருடைக்கும் டிரில்லுக்கும் வந்து சேர்ந்தது கவனிக்க வேண்டியது. ஒரே தாளத்தில் சேர்ந்து நடப்பதில் ஏதோ இருக்கிறது என்று ராணுவத்தோடு தொடர்பில்லாதவர்களும் உணர்கிறார்கள். ஆனால் பத்து நாள் முகாம் சாதியைக் கரைத்துவிடும் என்று நம்புவது பேராசை. ஊர் திரும்பியதும் அதே தெரு, அதே டீக்கடை. முகாமில் கிடைப்பது வேறொரு மாதிரி வாழ முடியும் என்ற ஒரு அனுபவம், அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் ஆதாரம் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு நேர்மையான பதில் கொஞ்சம் சிக்கலானது. என்.சி.சி. மாணவர்களையும் மற்ற மாணவர்களையும் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டால் பெரும்பாலும் என்.சி.சி. பிள்ளைகள் துடிப்பாகத் தெரிவார்கள். ஆனால் அவர்களைத் தேர்ந்தெடுத்ததே துடிப்பைப் பார்த்துத்தானே. உயரம், ஓட்டம், உடல்நிலை, ஆசிரியரின் நம்பிக்கை என்று பல சல்லடைகளைத் தாண்டி உள்ளே வந்தவர்கள் அவர்கள். பயிற்சி செய்த மாற்றம் எவ்வளவு, தேர்வே கொண்டுவந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது கடினம்.

அமெரிக்காவில் இந்தச் சிக்கல் தலைகீழாக இருப்பதால், அங்கிருந்து கொஞ்சம் கற்கலாம். அங்கே உயர்நிலைப் பள்ளிகளில் நடக்கும் ராணுவப் பாணிப் பயிற்சித் திட்டமான ஜே.ஆர்.ஓ.டி.சி. 1916ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கியது. இன்று சுமார் 3,500 பள்ளிகளில் ஐந்து லட்சம் மாணவர்கள் அளவில் அதில் இருக்கிறார்கள். அது பெரும்பாலும் வசதி குறைந்த, சிறுபான்மையினர் அதிகம் படிக்கும் பள்ளிகளில் வேரூன்றியது. அதனால் மேலோட்டமாகப் பார்த்தால் அந்த மாணவர்களின் கல்வி நிலை மற்றவர்களைவிடத் தாழ்வாகவே தெரியும். எல்டா பெமா, ஸ்டீபன் மேஹே என்ற இரு பொருளியலாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வு, மாணவர்களின் பின்னணியையும் கணக்கில் எடுத்தது. தாழ்வின் பெரும்பகுதி பின்னணியால் வந்தது, சில பிரிவினருக்குப் பள்ளி இடைநிற்றல் குறைந்தது, ராணுவத்தில் சேருவது மட்டும் தெளிவாகக் கூடியது என்பது அதன் சாரம். கல்வித் தேர்ச்சியில் அற்புதம் எதுவும் நடக்கவில்லை. பள்ளியை விட்டு நழுவிவிடக் கூடிய பிள்ளைக்கு, அங்கேயே தொடர ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. நம் அரசுப் பள்ளிகளில் பரேடு முடிந்ததும் தரும் டிபனுக்காகவே என்.சி.சி.க்கு வந்து, அப்படியே பள்ளியில் நிலைத்தவர்களை நினைத்தால், இது புரியாத விஷயம் இல்லை.

இனி இருட்டான பக்கம். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்று சொல்லி மாணவ, மாணவியரைத் தங்க வைத்தார்கள். நடத்தியவர்களுக்கும் என்.சி.சி.க்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்தப் பள்ளிக்கு என்.சி.சி. பிரிவே கிடையாது, இப்படி ஒரு முகாம் நடத்தினால் பிரிவு கிடைக்கும் என்று ஆசை காட்டி உள்ளே வந்திருக்கிறார்கள். அங்கே ஒரு சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள், வேறு பல மாணவிகள் சீண்டப்பட்டார்கள். புகாரை மறைக்கப் பார்த்ததாகப் பள்ளித் தரப்பினரும் கைதானார்கள். அரசு சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது.

இதை "போலி ஆட்கள் செய்தது, என்.சி.சி.க்கு என்ன சம்பந்தம்" என்று ஒதுக்கிவிட முடியாது. காக்கிச் சட்டையும் விசிலும் கறாரான குரலும் இருந்தால் எதையும் கேட்காமல் கதவைத் திறந்துவிடும் பழக்கம் நம் பள்ளிகளுக்கு இருக்கிறது. எந்த என்.சி.சி. பட்டாலியன், யார் அனுமதித்தது, மாணவியருடன் எந்தப் பெண் ஆசிரியர் தங்குகிறார் என்ற மூன்று கேள்விகளை ஒருவர் கேட்டிருந்தாலே அந்த முகாம் நடந்திருக்காது. உண்மையான முகாமுக்குப் பின்னால் பட்டாலியன் அலுவலகத்தின் எழுத்துப்பூர்வ உத்தரவு, பெற்றோரின் ஒப்புதல் கடிதம், மருத்துவச் சான்று, உடன் செல்லும் ஆசிரியர் எல்லாம் இருக்கும். 'ராணுவப் பாணி ஆளுமைப் பயிற்சி' என்று கோடை விடுமுறையில் நோட்டீஸ் கொடுக்கும் தனியார் முகாம்களுக்கு இந்தச் சட்டமும் கிடையாது, இந்த அடுக்கும் கிடையாது. பிள்ளையை அனுப்பும் முன் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் வேறுபாடு இதுதான்.

உண்மையான அமைப்புக்குள்ளும் ஆபத்து உண்டு. 2023 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தின் தானேயில், கொட்டும் மழையில் ஜூனியர்களைத் தரையில் தலை ஊன்றி நிற்கவைத்து, மூத்த மாணவன் ஒருவன் கம்பால் அடிக்கும் வீடியோ பரவியது. என்.சி.சி.யின் பயிற்சியில் இப்படி ஒரு தண்டனை கிடையாது என்று அமைப்பு சொன்னது, உண்மையும் அதுதான். ஆனால் மாணவனிடம் அதிகாரம் கொடுப்பதுதான் இந்தப் பயிற்சியின் உயிர் என்று நான் மேலே சொன்னேன். அந்த அதிகாரத்தை யாரும் பார்க்காத இடத்தில் விட்டால் அது இப்படித்தான் திரும்பும். "நாங்க பட்ட ரகடா (தண்டனைப் பயிற்சி) நீங்களும் படணும்" என்ற சீனியர் பேச்சு பல மைதானங்களில் பெருமையாகவே உலவுகிறது. அதைத் தடுக்கும் இடத்தில் இருப்பவர் பள்ளியின் என்.சி.சி. ஆசிரியர். அவரை ஏ.என்.ஓ. என்பார்கள். சாதாரணமாக உடற்கல்வியோ அறிவியலோ தமிழோ கற்பிப்பவர். நாக்பூர் அருகே காம்ப்டியிலோ, பெண்கள் என்றால் குவாலியரிலோ பயிற்சி பெற்று, தேர்ட் ஆபீசர் என்ற தகுதியோடு திரும்பி வருபவர். ராணுவத்திலிருந்து வரும் ஹவில்தார் டிரில் கற்றுக்கொடுத்துவிட்டுப் போவார். எந்தப் பையனுக்கு வீட்டில் பிரச்சினை, யார் யாரை மிரட்டுகிறான் என்பது ஏ.என்.ஓ.வுக்குத்தான் தெரியும். ஒரு பள்ளியின் என்.சி.சி. நல்லதா என்று அறிய, பதக்கங்களை எண்ணுவதைவிட அவர் பரேடுக்கு எத்தனை நாள் வருகிறார் என்று விசாரிக்கலாம்.

கட்டாயமாக்கினால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் பாடம் இருக்கிறது. 1962 சீனப் போருக்குப் பிறகு, 1963இல், கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி. கட்டாயமானது. 1968இல் அதைக் கைவிட்டு மறுபடியும் விருப்பத்துக்கு விட்டார்கள். அடுத்த ஆண்டு நாட்டு நலப்பணித் திட்டம் வந்தது. இலங்கையில் 2011இல் பல்கலைக்கழகத்துக்குத் தேர்வான மாணவர்களுக்கு ராணுவ முகாம்களில் மூன்று வாரத் தலைமைத்துவப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். போர் முடிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. வடக்கிலும் கிழக்கிலும் இருந்து வந்த ஒரு தமிழ் மாணவிக்கு ராணுவ முகாம் என்ற சொல்லே என்னவாக ஒலித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதே டிரில், அதே அணி வேலை என்றாலும் யார் கற்றுக்கொடுக்கிறார்கள், வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்பதைப் பொறுத்து அதன் பொருளே மாறிவிடுகிறது.

மார்க் கேள்விக்கும் பதில் சொல்லிவிட வேண்டும். பள்ளியில் இரண்டு ஆண்டு முடித்துத் தேர்வு எழுதினால் 'ஏ' சான்றிதழ். கல்லூரியில் 'பி', அப்புறம் 'சி'. உண்மையான கனம் 'சி'க்குத்தான். பட்டமும் 'சி' சான்றிதழில் நல்ல கிரேடும் இருந்தால், எழுத்துத் தேர்வு இல்லாமல் நேராக நேர்முகத் தேர்வுக்குப் போய், பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் சேரும் வழி உண்டு. அக்னிவீர் தேர்விலும் தமிழ்நாட்டுக் காவலர் தேர்விலும் என்.சி.சி.க்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு. பள்ளியின் 'ஏ' சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம். பல பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வந்ததும் பரேடு நின்றுவிடும். பதினொன்று, பன்னிரண்டில் பொதுத் தேர்வும் நீட்டும் முன்னால் நிற்கும்போது மைதானத்துக்கு யார் விடுகிறார்கள்? தலைமைப் பொறுப்பை ஏற்கும் பக்குவம் வரும் வயதில் பயிற்சி அறுந்துபோவதுதான் நம் பள்ளி என்.சி.சி.யின் பெரிய குறை. 'சி' வரை போக நினைப்பவர் கல்லூரியில் மறுபடி வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது.

1948இல் 20,000 மாணவர்களோடு தொடங்கிய அமைப்பு இது. 2024இல் மேலும் 3 லட்சம் இடங்களுக்கு ஒப்புதல் கிடைத்து, அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை 20 லட்சம் ஆகிறது. அதற்கான பயிற்றுநர்களாக முன்னாள் படைவீரர்களை அமர்த்துவது அந்தத் திட்டத்தில் இருக்கிறது. காத்திருக்கும் பள்ளிகளுக்கு இது நல்ல செய்தி. ஆனால் அமெரிக்க ஜே.ஆர்.ஓ.டி.சி.யும் பெரும்பாலும் ஓய்வுபெற்ற படைவீரர்களால்தான் நடக்கிறது. அங்கே ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 33 பயிற்றுநர்கள் மாணவர் தொடர்பான பாலியல் குற்ற வழக்குகளில் சிக்கியதை நியூயார்க் டைம்ஸ் 2022இல் வெளியே கொண்டுவந்தது. அவர்கள் படைவீரர்களாக இருந்ததால் அது நடக்கவில்லை. பள்ளிக்குள்ளேயே யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத ஒரு தனித் தீவாக அந்த வகுப்பு இருந்ததால் நடந்தது. இங்கே இதுவரை ஒவ்வொரு பிரிவுக்கும் பள்ளியின் சொந்த ஆசிரியர் ஒருவர் பொறுப்பில் இருக்கிறார். இடங்கள் பெருகும் வேகத்துக்கு அப்படிப்பட்ட ஆசிரியர்களும் காம்ப்டிக்கும் குவாலியருக்கும் போய் வருவார்களா, இல்லை அந்த நாற்காலியைக் காலியாக வைத்துவிட்டு வகுப்பை வெளியாளிடம் விட்டுவிடுவார்களா என்பதை அடுத்த சில ஆண்டுகளில் பள்ளி நிர்வாகங்களும் பெற்றோர் ஆசிரியர் கழகங்களும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.